அஞ்சடியும் சடக்கும்: ஜொகூர் பாருவின் பழைய தெருக்களில் ஒரு மொழிநடை



“அஞ்சடியிலேயே நட, சடக்கிலே இறங்காதே.” தோட்டத்திலிருந்து பேருந்தேறி ஜொகூர் பாருவுக்கு வரும்போதெல்லாம் என் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் வாக்கியம் இது. கடைகளின் முன்னால் கூரையிட்டு நீண்டு செல்லும் நடைபாதை அஞ்சடி. வண்டிகள் ஓடும் சாலை சடக்கு. இவ்விரண்டு சொற்களையும் நான் தமிழ் என்றே அறிந்திருந்தேன். பின்னர்ப் பள்ளிக் கட்டுரையொன்றில் ‘சடக்கு’ என்று எழுதியபோது ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்துச் ‘சாலை’ என்று திருத்தினார். தேர்வு நோக்கில் அவர் செய்தது சரியே. ஆனால் அடிக்கப்பட்ட அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதைப் பாட்டிக்குக் கற்பித்தவர் யார் என்னும் கேள்வி அன்று வகுப்பில் எழவில்லை. மொழியியல் படித்த பிறகே எனக்கு எழுந்தது. அதற்கான விடையைத் தேடி நான் நூலகத்திற்குச் சென்ற நாள்களைவிடத் தெருவில் நடந்த நாள்களே அதிகம்.

ஆகவே இன்றைய உரையை ஒரு நடைப்பயணமாக அமைத்துக்கொள்கிறேன். ஜே.பி. சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, மேம்பாலத்தின் வழியே ஜாலான் வோங் ஆ ஃபூக்கைக் கடந்து, பழைய நகரத்தின் உட்தெருக்களான ஜாலான் துருஸ், ஜாலான் டோபி, ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் உங்கு புவான் ஆகியவற்றைச் சுற்றி வருவோம். அரை நாளில் அடங்கும் தொலைவுதான்.

முதலில் ஊரின் வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடுகிறேன். 1855இல் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் காலத்தில் தஞ்சோங் புத்ரி என்னும் பெயருடன் தோன்றிய இக்குடியிருப்புக்கு 1866இல் அவர் மகன் அபு பாக்கார் ஜொகூர் பாரு, அதாவது புதிய ஜொகூர், எனப் பெயர் மாற்றினார். அதற்கும் முன்பே, 1840களிலிருந்து, ஜொகூரின் ஆற்றங்கரைகளில் மிளகும் காம்பீரும் பயிரிடச் சீனக் குடியேறிகளுக்கு அரசு ‘சூராட் சுங்கை’ எனப்படும் ஆற்றுச் சீட்டுகளை வழங்கிவந்தது. சீட்டுப் பெற்ற தலைவர் காங்சு எனப்பட்டார். அம்முறையின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான தான் ஹியோக் நீ 1870இல் ‘மேஜர் சைனா’ என்னும் பட்டம் பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய தெருவே இன்று சுற்றுலாப் பயணியர் மொய்க்கும் தெரு. சிங்கப்பூரில் அவர் கட்டிய மாளிகையின் பெயரில் அவர் தான் இயோக் நீ ஆகிவிடுகிறார். ஒரே மனிதர், நீரிணைக்கு இப்பால் ஓர் எழுத்துக்கூட்டல், அப்பால் வேறொன்று. அரண்மனையான இஸ்தானா பெசாரைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வோங் ஆ ஃபூக். மரம் அறுக்கும் ஆலை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் மெல்ட்ரம். பணமுள்ளோர் பெயர்கள் இவ்வாறு பலகை ஏறின. தமிழர் எவர் பெயரும் இவ்வரிசையில் இல்லையே என்று மாணவர்கள் வருந்துவதுண்டு. வருந்த வேண்டியதில்லை. நாம் தேடும் சான்று பெயர்ப்பலகையின் மேல்வரியில் இல்லை என்பதே செய்தி.

இனி அஞ்சடிக்குள் செல்வோம். ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூர் நகரக் குழுவுக்கு வழங்கிய கட்டளையில், தெருவின் இருபுறமும் வீடுகளின் முன்னே தொடர்ச்சியான, கூரையுள்ள, எப்போதும் திறந்திருக்கும் நடைவழி அமைய வேண்டும் என்று விதித்தார். வெயிலும் மழையும் ஒருங்கே கடுமையான இந்நிலத்துக்கு அது பொருந்தியது. தீபகற்பத்து நகரங்கள் பலவற்றுக்கும் பரவியது. ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தடி வழி என்று பெயர். (அளந்து பார்த்தால் பல இடங்களில் ஐந்தடிக்கு மேலேயே இருக்கும்.) மலாயில் அது ‘காக்கி லீமா’. காக்கி என்றால் கால், லீமா என்றால் ஐந்து. மலாய் வழக்கப்படி ஐந்து அடி என்னும் அளவைச் சொல்ல எண் முன்னே வந்து ‘லீமா காக்கி’ என்றே அமைய வேண்டும். இங்கோ எண் பின்னே நிற்கின்றது. ஹொக்கியன் பேசும் சீனர் ‘கோ கா கீ’ என்கின்றனர்: ஐந்தைக் குறிக்கும் தம் எண்ணுப்பெயரை முன்னே வைத்து, மலாயின் காக்கியைத் தம் நாவுக்கேற்பப் பின்னே இணைத்துக்கொண்டனர். தமிழர் என்ன செய்தனர்? ஒலியைக் கடன் வாங்கவில்லை, பொருளைப் பெயர்த்தனர். உடலுறுப்பையும் அளவையும் ஒருங்கே குறிக்கும் ‘அடி’ என்னும் சொல் நம்மிடம் அணியமாக இருந்தது. மலாயின் காக்கியும் அவ்வாறே இரு பொருளும் தருவது. எனவே அஞ்சடி இயல்பாகப் பிறந்தது. அதைப் படைத்தவர் எந்தக் கலைச்சொல் குழுவிலும் அமர்ந்தவர் அல்லர். மழைக்கு ஒதுங்கிய யாரோ ஒருவர். தூய தமிழ்ச் சொல்லாகிய அதனை இன்று நம் பிள்ளைகள் அறியார். நடைபாதை என்னும் பொதுச்சொல் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆற்றோரத்து நடைபாதையும் நடைபாதைதான், அஞ்சடி வேறு. கடைக்காரரின் இடமாகவும் ஊராரின் வழியாகவும் ஒரே நேரத்தில் இருப்பது அது. தையற்காரர், பூக்கட்டுபவர், காசு மாற்றுபவர், சோதிடர் ஆகியோர் தொழில் நடத்திய இடமும் அதுவே.

ஜாலான் டோபி அடுத்தது. டோபி என்பது சலவைத் தொழிலாளரைக் குறிக்கும் இந்திச் சொல். தமிழர் தம் ஊரில் அத்தொழில் செய்வோரை வண்ணார் என்றனர். கடல்கடந்த பிரித்தானியர் ஆட்சியிலோ எம்மொழி பேசுபவராயினும் துணி வெளுப்பவர் டோபி எனப்பட்டார். ஆங்கில அதிகாரியின் வாய்வழியே வந்த வடநாட்டுச் சொல் மலாயில் ஊன்றி, இன்று ‘டோபி லாயான் டிரி’ என்று ஒவ்வொரு தாமானிலும் விளக்கொளி வீசுகின்றது: காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடை. ஆளைக் குறித்த சொல் ஆளே இல்லாத கடையின் பெயராகிவிட்டது. தெருப்பலகையில் அச்சொல் பழைய உரோமானிய எழுத்துக்கூட்டலிலும், சலவைக் கடைப் பலகையில் புதிய கூட்டலிலும் இருப்பதை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மலாய் எழுத்துமுறை 1972இல் சீர்திருத்தப்பட்டது. தெருப்பெயர்களோ பழைய உடையிலேயே நின்றுவிட்டன. துருஸ் என்னும் தெருப்பெயரில் ஓர் உயிரெழுத்து குறைவாக இருப்பதும், பாரு என்பதில் வேண்டாத ஓர் எழுத்து நடுவே நிற்பதும் இத்தகையனவே.

இத்தெருக்களில் இரண்டு பழைய ரொட்டிக்கடைகள் உள்ளன. தான் ஹியோக் நீ தெருவில் 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ, இன்றும் விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடுகின்றது. டோபி தெருவில் 1937இல் தொடங்கியது சலாஹுடின் ரொட்டிக்கடை. கறிபாப் வாங்கித் தின்றுகொண்டே அச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முதற்பாதி தமிழின் கறி. பிற்பாதி ஆங்கிலத்தின் பஃப். ஒட்டவைத்தது மலாய் நாவு. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கறிபாப் என்று நாம் சொல்கிறோம். போன சொல் உருமாறி வீடு திரும்புவதை மொழியியலில் விளக்க இதைவிடச் சுவையான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

சற்று நின்று தலையை உயர்த்திப் பலகைகளைப் படியுங்கள். கெடாய் ரூஞ்சிட், கெடாய் கோப்பி, கெடாய் எமாஸ். கெடாய் என்பது நம் கடை. வங்கி விளம்பரத்தில் காணும் மோடல், நம் முதல். பெட்டி, கப்பல், கட்டில், மீசை, மாணிக்கம் ஆகியனவும் சிறு ஒலிமாற்றத்தோடு மலாயில் வாழ்கின்றன. இவை தோட்டத் தொழிலாளர் கொண்டுவந்தவை அல்ல. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துறைமுகங்களில் சரக்கிறக்கிய வணிகர் விட்டுச்சென்றவை. எனவே அவற்றுள் பல கடை, முதல், பெட்டி, கப்பல் எனச் சந்தையின் சொற்களாக உள்ளன.

பின்னர் வந்தோர் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருகியபோதும், 1909இல் இருப்புப்பாதை ஜொகூர் பாருவை எட்டியபோதும், 1923இல் நீரிணைப் பாலத்தின்மீது தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோதும் தமிழர் உழைப்பாளராக இங்கு இருந்தனர். அவர்கள் சொற்களைக் கொடுக்கும் நிலையில் இல்லை, பெற்றுக்கொண்டனர். கெத்தா என்னும் மலாய்ச் சொல் கித்தா ஆயிற்று, காம்போங் கம்பமாயிற்று, பாசார் பசாராயிற்று. காலைப் பெயர் அழைப்பு ‘பிரட்டு’ ஆனது ஆங்கிலப் பரேடிலிருந்து. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவரிடம் “எங்கள் கம்பத்தில்” என்று நான் பேச, அவர் தேனி மாவட்டத்துக் கம்பத்தை நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் உரையாடினார். இருவரும் மகிழ்ச்சியாகவே பேசினோம்.

ஆக, நம் முன்னோர் இந்நாட்டோடு கொண்ட உறவு இருவகைப்பட்டது என்பதைச் சொற்களே காட்டுகின்றன. வணிகர் கொடுத்துச் சென்றனர். உழைப்பாளர் ஏற்றுக்கொண்டு தங்கினர். முதல் வகையை நாம் மேடைதோறும் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறோம். மலாயில் தமிழ்ச் சொற்கள் என்று பட்டியல் தொகுப்போர் பலர். தமிழில் கலந்த மலாய்ச் சொற்களையோ கறையென்று துடைக்கிறோம். அவற்றைத் துடைக்கும்போது தங்கியவர்களின் வரலாற்றையே துடைக்கிறோம் என்பது என் கருத்து. கித்தா என்னும் சொல்லில் மரத்தடியில் நின்ற ஒரு பெண்ணின் வேலைநாள் இருக்கின்றது. ரப்பர் என்னும் சொல்லில் அது இல்லை.

சடக்கு என்பதையும் இவ்வாறே காண வேண்டும். இந்துஸ்தானியில் சாலையைக் குறிக்கும் சடக் என்னும் சொல்லோடு உறவுடையது அது. அம்மொழியின் வருடொலி நம் டகரமாக நிற்கின்றது. இறுதி உகரம் தமிழ் இயல்பின்படி சேர்ந்துகொண்டது. ஊரில் தெருவும் பாதையும் அறிந்திருந்தவருக்குக் கல் பரப்பி உருளை ஓட்டிச் செய்த அரசாங்கச் சாலை புதிய பொருள். புதிய பொருளுக்குப் புதிய சொல் ஒட்டிக்கொண்டது. சாலை போட்டவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதை நினைத்தால் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கக் கை தயங்கும்.

நான் தூய தமிழுக்கு எதிரானவன் அல்லேன். மாணவர் கட்டுரையில் சாலை என்றே எழுதட்டும். ஆனால் ஆசிரியர் அடித்த சொல்லைக் குறிப்பேடொன்றில் எழுதி வைக்கட்டும். சொல்லாக்கத்திலும் இந்நகருக்குத் தனி மரபு உண்டு. 1888இல் மலாய் மொழிக்கென ஜொகூர் பாருவில் ஒரு கழகம் தோன்றியது; பக்காத்தான் பெலாஜார் மெங்காஜார் பெங்கேத்தாஹுவான் பஹாசா என்பது அதன் பெயர். அலுவலகத்திற்குப் பெஜாபாட், செயலாளருக்குச் செத்தியாவுசாஹா போன்றன அக்கழகத்தார் வழங்கிய சொற்கள். இரண்டாவது சொல்லின் பகுதிகள் இரண்டும் வடமொழி வழி வந்தவை: சத்தியமும் உற்சாகமும். கடன் வாங்கிய உறுப்புகளைக் கொண்டே தம் மொழிக்கு உரிமையான சொல்லைச் செய்ய அவர்கள் கூசவில்லை.

ஜாலான் துருஸில் உள்ள சீனர் பழங்கோயிலில் 1870ஆம் ஆண்டைக் குறிக்கும் பெயர்ப்பலகை உள்ளது. தியோச்சூ, ஹொக்கியன், கண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் ஆகிய ஐந்து மொழிக் குழுவினரும் ஒரே கூரையின்கீழ்த் தத்தம் தெய்வங்களை வைத்து வழிபடுவது அதன் சிறப்பு. அதே தெருவில் சீக்கியர் குருத்வாராவும் உண்டு. சற்று நடந்தால் ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம். 1911இல் தோன்றிய இக்கோயிலுக்கு நிலம் அளித்தவர் சுல்தான் இப்ராகிம் என்றும், அவரைச் சிறப்பித்தே மாரியம்மன் பெயர்முன் ராஜ என்னும் அடை சேர்ந்தது என்றும் கூறுவர். மாரியம்மன் மழைக்கும் அம்மைநோய்க்கும் உரிய ஊர்த்தெய்வம். இங்கு அரசரின் பட்டத்தைத் தாங்கி நிற்கின்றாள். கோயிலைச் சுற்றியே பூக்கடைகளும் மளிகைக் கடைகளும் துணிக்கடைகளும் வளர்ந்தன. மலாயில் கோயில் ‘கூயில்’, தேவாலயம் ‘கெரேஜா’, அது போர்த்துகீசியம், மஸ்ஜிட் அரபு. வழிபாட்டிடம் ஒவ்வொன்றுக்கும் அதனைக் கொண்டுவந்தோரின் சொல்லையே மலாய் வைத்துக்கொண்டது.

ஜாலான் இப்ராகிமில் சீனச் சமூகத்தார் தம் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். நம் மாணவர்கள் அதைப் பார்க்க வேண்டும். காம்பீர் என்றால் என்ன என்பது அங்கே விளங்கும். சீனர் தம் தெருப்பெயர்களையும் காலத்தே பதிந்துகொண்டனர். 1905இல் ஃபர்ம்ஸ்டோன் என்பவர் சிங்கப்பூரிலும் மலாயாத் தீபகற்பத்திலும் சீனர் தெருக்களையும் இடங்களையும் எப்பெயரால் அழைத்தனர் எனத் தொகுத்து, அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார். ஜொகூர் பாருவில் தமிழர் வழங்கிய பெயர்களுக்கு அத்தகைய தொகுப்பொன்றை நான் கண்டதில்லை. அரசு வைத்த பெயர் எதுவாயினும், கடையையோ மரத்தையோ கோயிலையோ அடையாளமாகக் கொண்டு மக்கள் வைத்த பெயர் வேறாக இருந்திருக்கும். அவற்றை அறிந்தோர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். பலர் தாமான்களில் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர். நகரத்துக்கு வருவது கோயில் திருவிழாவுக்கு மட்டுமே. இப்பணிக்கு நமக்கிருக்கும் காலம் பத்தாண்டுகூட இராது.

ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்பினால் என் பட்டறிவிலிருந்து சில சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குக. பதினொன்றுக்கு மேல் வெயில் பொறுக்காது, பிற்பகலில் இடிமழை வரக்கூடும். சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் சிங்கப்பூரிலிருந்து வருவோர் கூட்டம் மிகுதி. நீரிணைப் பாலத்தைக் கடக்கச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே அக்கரையிலிருந்து வரும் குழுவினர் வார நாளைத் தேர்ந்தெடுப்பதே நன்று. கடப்பிதழைக் கைப்பையின் உள்ளறையில் வைக்க வேண்டும். வடக்கிலிருந்து விரைவுப் பேருந்தில் வருவோர் லார்கினில் இறங்கி நகரப் பேருந்தோ வாடகைக் காரோ பிடிக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் பக்கம் செல்லாதிருத்தல் நலம். எளிதில் கழற்றக்கூடிய காலணி தேவை. கோயில், குருத்வாரா இரண்டிலும் கழற்ற வேண்டும். குருத்வாராவில் தலையை மூடத் துணி எடுத்துச் செல்க. சில்லறை வெள்ளி கையில் இருக்கட்டும். கண்ணாடிக் கோயில் எனப் புகழ்பெற்ற ராஜகாளியம்மன் கோயிலையும் பார்க்க விரும்புவோர் அதை இந்நடையில் சேர்க்க வேண்டாம். ஜாலான் தெப்ராவ் பக்கம் உள்ளது. வண்டியில் செல்க, பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டறிக.

குழுவில் ஐவருக்கு மேல் வேண்டாம். அஞ்சடி அகலம் குறைவு. கடைக்காரர்கள் சரக்கையும் மேசையையும் அங்கேயே வைத்திருப்பர், மோட்டார் சைக்கிளும் நிற்கும். இடையிடையே படி ஏறி இறங்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு கடையின் தரையும் அதனதன் உரிமையாளர் கட்டிய உயரத்தில் இருக்கும். பேசியபடி நடப்போர் தடுக்கி விழுவது உறுதி. நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன்.

முதியவரிடம் பேசும்போது முதலில் ஏதேனும் வாங்குங்கள்; ஒரு முழம் பூவாயினும் சரி. “இத்தெருவின் தமிழ்ப் பெயர் என்ன?” என்று கேட்டால் பலகையில் உள்ளதையே படித்துக் காட்டுவார், அல்லது தமக்குத் தெரியாது என்று வெட்கப்படுவார். “அந்தக் காலத்தில் அம்மா உங்களைக் கடைக்கு அனுப்பினால் எங்கே போகச் சொல்வார்?” என்று கேளுங்கள். சொல் தானாக வரும். வந்த சொல்லைத் திருத்தாமல், கேட்ட ஒலிப்படியே எழுதுங்கள். பக்கத்தில் சொன்னவரின் பிறந்த ஆண்டையும் வளர்ந்த இடத்தையும் குறியுங்கள். ஒலிப்பதிவு செய்வதாயின் இசைவு பெற்ற பின்னரே செய்க. ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் இரண்டையும் வைத்துக்கொள்க. நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை எவரையும் கேள்வி கேட்காதீர்கள். அது சோற்று நேரம், வியாபார நேரமும்கூட.

நவம்பர் முதல் ஜனவரி வரை பருவமழை உண்டு. அப்போது செல்வோர் குறிப்பேட்டை நெகிழி உறைக்குள் வைத்துக்கொள்க. பேனா மை கரைந்துவிடும். பென்சிலால் எழுதுவதே நல்லது.